பொட்டலம் கட்டுவதற்கு முன்: வீடற்றோர் காப்பகத்துக்கு உதவப் புறப்படுபவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன் ஒரு சுதந்திர தினம். வடசென்னையில் நான் போய்வரும் ஆண்கள் காப்பகத்தின் வாசலில் மதியம் ஒரு மணிக்குள் மூன்று வண்டிகள் வந்து நின்றன. ஒன்றில் பிரியாணி. ஒன்றில் சாம்பார் சாதமும் தயிர் சாதமும். மூன்றாவதில் வடை, பாயசத்தோடு முழுச் சாப்பாடு. உள்ளே இருந்தது நாற்பத்தெட்டுப் பேர். அதில் பதினைந்து பேருக்காவது சர்க்கரை. சாயங்காலம் நாங்கள் மூன்று பேர் இரண்டு அண்டாச் சோற்றைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தோம். பாயசத்தைச் சாக்கடையில்தான் ஊற்ற வேண்டியிருந்தது. அடுத்த வாரம் ஒரு புதன்கிழமை ராத்திரி அதே காப்பகத்தில் ரசமும் அப்பளமும்தான். தண்ணீர் மோட்டார் வேறு எரிந்து போயிருந்தது. கக்கூஸுக்குத் தெருக் குழாயிலிருந்து பக்கெட்டில் தண்ணீர் சுமந்தார்கள், எழுபது வயதுக்காரர்கள் உட்பட.

கொண்டுவந்தவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. யாரும் முந்தின நாள் போன் செய்து கேட்கவில்லை, அவ்வளவுதான். புதிதாக உதவ வருகிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனது இதுதான்: கேட்டுவிட்டுக் கொடுங்கள். எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது, பணத்தை எப்படித் திரட்டுவது, நேரத்தை எப்படிக் கொடுப்பது என்பதை எனக்குத் தெரிந்த சென்னையை வைத்து எழுதுகிறேன். மதுரைக்கும் கோவைக்கும் சில்லறை மாற்றங்களோடு பொருந்தும்.

எந்தக் காப்பகம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

'ஹோம்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். முதியோர் இல்லம் வேறு, குழந்தைகள் இல்லம் வேறு, நகர்ப்புற வீடற்றோர் காப்பகம் வேறு. கடைசியில் சொன்னதுதான் நம் விஷயம். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ல் பெரிய நகரங்களுக்கு ஒரு கணக்குச் சொன்னது: லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதில் நூறு பேர் தங்க இடம், வருடம் முழுக்க இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்திலும் இது தனித் திட்டமாகச் சேர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க வீடில்லாதவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள் 17.7 லட்சத்துக்கு மேல். நகரங்களில் மட்டும் 9.38 லட்சம். ஒரே ராத்திரியில் நடைபாதையில் படுத்திருப்பவர்களைத் தேடி எண்ணியது என்பதால், விட்டுப்போனவர்கள் இருப்பார்கள் என்றே அந்த வேலையில் இருப்பவர்கள் சொல்வார்கள்.

சென்னையில் பெரும்பாலும் கட்டடம் மாநகராட்சியுடையது, நடத்துவது ஒரு தொண்டு நிறுவனம். ஆண்களுக்கு, பெண்களுக்கு, சிறுவர்களுக்கு, மனநலம் பாதித்தவர்களுக்கு என்று தனித்தனியாக உண்டு. பெரிய அரசு மருத்துவமனைகளில் நோயாளிக்குத் துணையாக வெளியூரிலிருந்து வந்தவர்கள் படுப்பதற்கென்றும் உண்டு. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எது என்று தெரியாவிட்டால் மாநகராட்சியின் 1913 எண்ணில் கேளுங்கள். மண்டல அலுவலகத்துக்கு நேரில் போனால் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள்.

பக்கத்தில் என்று சொன்னது காரணத்தோடுதான். பெயர்பெற்ற நிறுவனம் என்று இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனால் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை தூக்கம் ஜெயித்துவிடும். நடந்து போகிற தூரத்தில் இருக்கிற, யாருக்கும் தெரியாத காப்பகமே மேல்.

முதல் நாள் வெறுங்கையோடு போங்கள்

பழம்கூட வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். வார நாளாக, காலை பதினொன்று மணிபோலப் போனால் பொறுப்பாளர் கொஞ்சம் ஓய்வாக இருப்பார். ஏற்கெனவே சொல்லிவிட்டுப் போவது மரியாதை.

அவரிடம் கேட்க வேண்டியவை: இன்றைக்கு எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், அரசுப் பணம் மாதாமாதம் வருகிறதா தாமதமாகிறதா, எந்தச் செலவுக்கு யாரும் கொடுப்பதே இல்லை, போன மாதம் கையிலிருந்து போட்ட பணம் எதற்கு. கடைசிக் கேள்விக்குத்தான் உண்மையான பட்டியல் வெளியே வரும். எங்கள் காப்பகத்தில் நான் முதல் தடவை கேட்டபோது வந்த பதில்: கழிவறை அடைப்பு எடுத்தவருக்குக் கூலி, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, ராத்திரி கேர்டேக்கரின் சம்பளப் பாக்கி. இதில் எதற்கும் யாரும் பிறந்தநாள் கொண்டாட மாட்டார்கள்.

பேச்சோடு பேச்சாகக் கழிவறையையும் சமையல்கட்டையும் பார்த்துவிடுங்கள். பதிவேட்டைக் காட்டச் சொன்னால் தயங்காமல் காட்டுகிறார்களா என்று கவனியுங்கள். வாசலில் பூட்டுப் போட்டு ஆட்களை உள்ளே வைத்திருக்கும் இடமென்றால் ஏன் என்று கேளுங்கள். இது சிறை அல்ல. காலையில் வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறவர்கள் நிறையப் பேர். மண்டபத்தில் சப்ளையர், மார்க்கெட்டில் மூட்டை, கட்டட வேலை, வாட்ச்மேன் என்று ஏதோ ஒன்று செய்கிறார்கள். 'சும்மா உக்காந்து சாப்பிடறாங்க' என்ற எண்ணத்தோடு வந்தால் வாசலிலேயே அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

தங்கியிருப்பவர்களிடம் பேசும் விதம் பற்றி ஒரு வார்த்தை. 'நீங்க' என்றுதான். 'ஐயா', 'அண்ணே', பெண்கள் காப்பகமானால் 'அம்மா', 'அக்கா'. நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்த மனிதரை இருபது வயதுப் பையன் 'என்ன பெருசு' என்று தோளில் தட்டியதைப் பார்த்திருக்கிறேன். அன்பில்தான் தட்டினான். அவர் அன்று முழுக்கப் பேசவில்லை. 'ஏன் வீட்டை விட்டு வந்தீங்க?' என்பதும் முதல் மாதத்துக் கேள்வி அல்ல. கடன், குடி, சொத்துத் தகராறு, மருமகள் சொன்ன ஒரு சொல், சிறைவாசம் என்று எதுவாகவும் இருக்கும். சொல்லத் தோன்றினால் அவர்களே சொல்வார்கள். கிரிக்கெட்டில் ஆரம்பியுங்கள், பழைய சினிமாவில் ஆரம்பியுங்கள்.

முகம் தெரிகிற போட்டோ வேண்டாம். பொட்டலத்தை நீட்டியபடி எடுக்கும் படம் கூடவே கூடாது. ஊரில் 'சென்னையில் நல்ல வேலை' என்று சொல்லி வைத்திருப்பவரின் படம் அக்கா மகனின் வாட்ஸாப்பில் போய் விழுந்து அவர் காப்பகத்தை விட்டே போன கதை எங்களிடம் உண்டு.

என்ன பொருள், என்ன வேண்டாம்

பழைய துணிதான் எல்லோர் கைக்கும் முதலில் வருவது. வருகிற மூட்டையைப் பிரித்தால் கல்யாணக் கோட்டு, ஜிப் போன ஜீன்ஸ், குழந்தை ஃபிராக், ஒற்றைச் சாக்ஸ். ஆண்கள் காப்பகத்துக்குத் தேவை லுங்கி, அரைக்கை சட்டை, துண்டு. ஜட்டியும் பனியனும் புதிதாகத்தான் தர வேண்டும். அடுத்தவர் போட்டதை நீங்கள் போடுவீர்களா? பெண்கள் காப்பகமென்றால் நைட்டி, உள்பாவாடை, நாப்கின். ரவிக்கை இல்லாத பட்டுச்சேலை யாருக்கும் உதவாது.

எப்போதும் தீர்ந்துபோகிறவை: துணி சோப்பு, குளியல் சோப்பு, ஃபினாயில், பிளீச்சிங் பவுடர், தேங்காய் எண்ணெய், நகவெட்டி, ரப்பர் செருப்பு. செருப்பை அளவு கேட்டு வாங்குங்கள். சர்க்கரைக்காரர் காலில் சின்னச் செருப்புக் கடி வந்தால் அது விரலை எடுப்பதில் போய் முடியும். கூடவே, யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று: பூட்டுச் சாவியோடு ஒரு சின்னத் தகரப் பெட்டி. நடைபாதையில் படுத்தவருக்கு முதலில் தொலைந்தது ஆதார் அட்டையும் போனும்தான். தலைமாட்டில் பூட்டு உள்ள பெட்டி வந்ததும் ராத்திரி தூங்குகிறார்கள். எங்கள் காப்பகத்தில் இருபது பெட்டி வாங்கிக்கொடுத்த வாரத்தில் திருட்டுச் சண்டை நின்றுபோனது.

சொறி சிரங்குக்கு ஒரு எச்சரிக்கை. ஒருவருக்கு வந்தால் பக்கத்துப் பாய்க்கும் வரும். மருந்து வாங்கித் தருவதானால் டாக்டரிடம் கேட்டு, அந்த அறையில் படுக்கும் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் கிடைக்கிற மாதிரி வாங்குங்கள். அன்றே போர்வை, துணியெல்லாம் வெந்நீரில் போட வேண்டும். இரண்டு டியூப் வாங்கிக்கொடுத்துவிட்டு வந்தால் அந்தக் காசு தண்டம்.

சாப்பாட்டுக்கு ஒரு காலண்டர்

சாப்பாடு கொடுப்பதை நான் கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். திதி, பிறந்தநாள், கல்யாண நாள் என்று கொடுக்கிறவர்களால்தான் பல காப்பகங்களின் அடுப்பு அணையாமல் இருக்கிறது. ஆனால் அமாவாசைக்கும் சுதந்திர தினத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் குவிகிறது. செவ்வாய், புதன் காலியாகக் கிடக்கிறது.

நாங்கள் செய்தது சாதாரண வேலை. ஒரு தினசரிக் காலண்டரை வாங்கிக் காப்பக வாசலில் மாட்டினோம். ஒவ்வொரு தாளிலும் மூன்று கோடு: காலை, மதியம், இரவு. யாராவது போன் செய்து 'அம்மா திதிக்குச் சாப்பாடு போடணும்' என்றால், அன்றைக்கு மதியம் நிரம்பிவிட்டது, இரவு இட்லி போடலாமா, அல்லது அதே பெயரில் வரும் புதன்கிழமைக்கு மளிகையாகத் தரலாமா என்று கேட்கிறோம். பாதிப்பேர் சரி என்பார்கள். மீதிப்பேருக்கு நாள்தான் முக்கியம். அவர்களிடம் வாதாட வேண்டாம், இரவு வேளைக்கு மாற்றிக்கொடுங்கள்.

மளிகையாகத் தருவதுதான் எப்போதும் லாபம். ஐம்பது பேருக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு ஏழெட்டு கிலோ அரிசி, சாம்பாருக்கு இரண்டு கிலோ துவரம்பருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் பொட்டலத்துக்கு ஆகும் காசில் அதே ஐம்பது பேருக்கு இரண்டு மூன்று வேளை ஓடும். பாயசத்துக்குப் பதில் முட்டையோ சுண்டலோ கொடுங்கள்.

கல்யாண மண்டபத்தில் மிச்சமானதை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே விதி. எவ்வளவு மிச்சம் என்று கேட்பதற்கு முன் எப்போது சமைத்தது என்று கேளுங்கள். மதியப் பந்தியின் அவியலும் தேங்காய்ச் சட்னியும் ராத்திரிக்கு ஆகாது. சந்தேகமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மண்டபத்துக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். நாற்பது பேருக்கு வயிற்றுப்போக்கு, இரண்டே கழிவறை என்ற ராத்திரியை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு அந்த முகச்சுளிப்பு ஒரு பொருட்டே இல்லை.

பணம்: இங்கேதான் நான் சறுக்கினேன்

எங்கள் குடியிருப்பில் அறுபது வீடு. வீட்டுக்கு மாதம் நூறு ரூபாய் என்று வாட்ஸாப்பில் போட்டேன். முதல் மாதம் நாற்பத்தொரு வீடு கொடுத்தது. மூன்றாவது மாதம் பதினேழு. அதைவிட மோசம், பணத்தையெல்லாம் என் ஜிபேயிலேயே வாங்கியிருந்தேன். பால் காசும் அதில்தான், காப்பகப் பணமும் அதில்தான். சங்கக் கூட்டத்தில் ஒரு பெரியவர், 'தம்பி, மொத்தம் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது?' என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஸ்டேட்மென்டைப் பிரித்துக் கணக்குப் போட்டபோது என் கையிலிருந்து முந்நூறு ரூபாய் கூடவே போயிருந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் அது யாருக்குத் தெரியும்?

அதற்குப் பிறகு இரண்டு மாற்றம் செய்தேன். பணம் நேராக நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே போகிறது. நான் ஞாபகப்படுத்துகிற ஆள் மட்டும். சின்னச் செலவுக்குக் கையில் வாங்கினால் அன்றே ரசீது, மாதக் கடைசியில் ஒரு தாளில் கணக்கு. இரண்டாவது, 'காப்பகத்துக்கு உதவுங்கள்' என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ஒரு மாதம் ஒரு பில் என்று ஆக்கினேன். 'ஜூலை மாதக் கரண்ட் பில்' என்று அந்த பில்லின் நகலையே லிஃப்டில் ஒட்டினேன். கட்டியதும் கட்டிய ரசீதை அதே இடத்தில் ஒட்டினேன். மோட்டாருக்கு ஒரு மாதம், செப்டிக் டேங்க் லாரிக்கு ஒரு மாதம். கொடுக்கும் வீடுகள் மறுபடி நாற்பதைத் தாண்டின. எதற்கென்று தெரிந்தால் ஆட்கள் கொடுக்கிறார்கள். செப்டிக் டேங்குக்குக்கூட!

விசேஷ நாள் வசூலில் எனக்குப் பிடித்தது போகிக்கு முந்தின ஞாயிறு. எல்லா வீட்டிலும் பரண் காலியாகிற நேரம். பழைய பேப்பர், அட்டைப் பெட்டி, பாட்டில், இரும்பு, ஓடாத மிக்ஸி எல்லாவற்றையும் கீழே கொண்டுவந்து போடச் சொல்லி, பழைய பேப்பர் கடைக்காரரை எடை மெஷினோடு வரவழைத்துவிடுவோம். யாருடைய பையிலிருந்தும் காசு போவதில்லை, தெருவில் எரிக்கும் குப்பையும் குறைகிறது. தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம் செய்து விற்பதும் நல்ல வழிதான், ஆர்டர் வாங்கி முன்பணம் கையில் வந்த பிறகு அடுப்பைப் பற்ற வைத்தால். முதல் வருடம் ஆர்வத்தில் சுட்ட அதிரசத்தை நாங்களே தை மாதம் வரை தின்றோம். தெருமுனையில் உண்டியல் குலுக்குவதை மட்டும் நான் செய்வதில்லை. போலி ஆட்கள் அதைக் கெடுத்துவிட்டார்கள். நம்மையும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

வரிச்சலுகை கேட்பவர்களுக்கு: 80ஜி என்று எல்லோரும் சொல்லும் சலுகை, அந்தப் பதிவு உள்ள நிறுவனத்துக்குப் பணமாகக் கொடுத்தால்தான். அரிசி மூட்டைக்குக் கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது, வங்கி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். பான் எண்ணைக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு உங்களிடம் கோபித்துக்கொள்வார்கள்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் அனுப்புவதில் ஒரு சிக்கல் உண்டு. துபாயிலிருக்கும் மச்சான் இந்தியப் பாஸ்போர்ட்காரர், தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புகிறார் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட பெரியப்பா மகள் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. காப்பகத்தை நடத்தும் நிறுவனத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இருந்தால்தான் வாங்க முடியும். அதுவும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்று உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். 'என் அக்கவுண்டுக்குப் போடு, நான் கொடுத்துக்கொள்கிறேன்' என்று சுருக்கு வழி போய் நிறுவனத்தை மாட்டிவிடாதீர்கள்.

நேரம் கொடுப்பவர்களுக்கு

பணத்தைவிட இதற்குத்தான் ஆள் பஞ்சம். வந்தவுடன் 'கவுன்சலிங் தருகிறேன்', 'யோகா சொல்லித் தருகிறேன்' என்பார்கள். முதல் இரண்டு மாதம் அதெல்லாம் வேண்டாம். காய் நறுக்குங்கள், பாத்திரம் எடுத்து வையுங்கள், பேப்பர் படித்துக் காட்டுங்கள். முகம் பழகட்டும்.

முடிவெட்டு ஒரு நல்ல ஆரம்பம். சலூன்காரர்களுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. தெருவில் உள்ள சலூனில் பேசி, மாதம் ஒரு செவ்வாய் காலை இரண்டு மணி நேரம் கேளுங்கள். எங்கள் தெருவில் கேட்ட முதல் ஆளே வந்துவிட்டார். பிளேடு மட்டும் ஆளுக்கு ஒன்று புதிதாக வாங்கிக்கொடுக்க வேண்டும், அதில் சிக்கனம் கூடாது. மூன்று மாதத் தாடி எடுத்த பிறகு கண்ணாடியைப் பார்த்து ஒருவர், 'எங்கப்பா மாதிரியே இருக்கேன்' என்றார். அதுவரை அவர் அப்பா என்ற சொல்லையே எடுத்ததில்லை. சொந்த ஊர் திண்டிவனம் பக்கம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரித் துணை அடுத்தது. காலை ஏழு மணிக்கு ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்க, எந்த பிளாக் என்று கேட்டு அழைத்துப் போக, மருந்துச் சீட்டைப் பத்திரமாக வைக்க ஒரு ஆள் வேண்டும். தனியாக அனுப்பினால், அட்மிட் செய்யும்போது 'கூட யார்?' என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் பாதிப்பேர் திரும்பி வந்துவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு, அதில் எல்லாச் சீட்டையும் தேதி வாரியாக வைத்துவிடுங்கள். காசநோய் மருந்து அரசில் இலவசம். சாப்பாட்டுக்காக மாதம் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். ஆனால் வங்கிக் கணக்குக்கு ஆதார் வேண்டும். எல்லா வழியும் அங்கேதான் வந்து முட்டும்.

ஆகவே கணினி தெரிந்த, பொறுமை உள்ள ஆளா நீங்கள்? மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அடையாள அட்டை வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆதாருக்கு முகவரிச் சான்றாக, அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் உரிய படிவத்தில் தரும் சான்றிதழை ஏற்கிறார்கள். ஆதார் ஏற்கெனவே எடுத்து எண் மறந்தவர்தான் அதிகம். அவருக்குப் புதிதாக எடுக்கப் போனால் பதிவு நிராகரிக்கப்படும். கைரேகை வைத்துப் பழைய எண்ணைத் தேடச் சொல்லுங்கள். மூட்டை தூக்கியும் சிமென்ட் குழைத்தும் ரேகை தேய்ந்தவர்களுக்குக் கருவிழியில் கிடைக்கும். ஆதார் வந்ததும் ஜன் தன் கணக்கு, பிறகு இ-சேவை மையத்தில் முதியோர் உதவித்தொகை விண்ணப்பம். 2023-ல் அது மாதம் 1,200 ரூபாய் ஆனது. ஒரே மாதத்தில் கிடைத்தவரும் உண்டு, ஒரு வருடம் அலைந்தவரும் உண்டு. விண்ணப்ப எண்ணை நோட்டில் எழுதி வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஓட்டும் உண்டு, வீடில்லை என்பதற்காக அது இல்லாமல் போவதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ல் படுக்கும் இடத்தைக் குறித்துக் கொடுத்தால், வாக்குச்சாவடி அலுவலர் ராத்திரியில் வந்து அவர் அங்கே தூங்குகிறாரா என்று ஒரு நாளுக்கு மேல் பார்த்து உறுதி செய்வார். முகவரிச் சான்று கேட்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. காப்பகத்தில் இருப்பவருக்கு வேலை இன்னும் சுலபம். முதல் தடவை மையிட்ட விரலைக் காட்டிக்கொண்டே ஒரு நாள் முழுக்கத் திரிந்தவரைப் பார்க்க வேண்டுமே!

மொழி தெரிந்தவர்களுக்கு ஒரு தனி வேலை இருக்கிறது. சென்ட்ரலில் ரயில் இறங்கி வழி தவறியவர்கள், வேலைக்கு வந்து காய்ச்சலில் விழுந்தவர்கள் என்று இந்தி, தெலுங்கு, ஒடியா, வங்காளி பேசுகிறவர்கள் எல்லாக் காப்பகத்திலும் உண்டு. நம்மவர்கள் எல்லோரையும் 'இந்திக்காரர்' என்று எழுதி வைத்துவிடுவார்கள். எங்களிடம் எட்டு மாதம் வாயே திறக்காத ஒருவர், விஜயநகரத்துக்காரப் பெண் ஒருத்தி வந்து தெலுங்கில் 'சாப்டீங்களா' என்று கேட்ட அன்று அரை மணி நேரம் பேசினார். ஊர்ப் பெயர் கிடைத்தால் அந்த ஊர்க் காவல் நிலையம், பஞ்சாயத்து வழியாகக் குடும்பத்தைத் தேடலாம். ஆனால் அவர் விருப்பத்தைக் கேட்ட பிறகு. எல்லோரும் வீட்டுக்குத் திரும்ப நினைப்பவர்கள் அல்ல, எல்லா வீடும் திரும்பிப் போகத் தகுந்ததும் அல்ல.

மழைக்கு முன்

சென்னையில் குளிர் பெரிய பிரச்சினை இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழைதான். நடைபாதையில் படுக்க இடமில்லாமல் போகும் அந்த இரண்டு மாதம் காப்பகத்தில் ஆள் கூடும். புரட்டாசிக்குள்ளேயே பாய், போர்வை, கொசுவலை, டார்ச், பிளீச்சிங் பவுடர் வாங்கி வைத்துவிடுங்கள். தண்ணீர் ஏறும் தரைத்தளமானால் பதிவேட்டையும் அடையாள அட்டைகளையும் மேல் அலமாரிக்கு ஏற்றுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் உதவி குவிந்தது வெள்ளம் வந்த பிறகுதான். அக்டோபரில் கேட்டால் பத்துப் போர்வை தேறாது.

தெருவில் ஒருவரைப் பார்த்தால்

உங்கள் தெருவில் யாராவது படுத்திருந்தால் ஆட்டோவில் ஏற்றி நேராகக் காப்பகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலில் அவரிடம் பேசுங்கள், வர விருப்பமா என்று கேளுங்கள். பாரிமுனை, வால்டாக்ஸ் சாலைப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே குடும்பம் நடத்துகிறவர்களுக்கு ஆண் ஒரு பக்கம் பெண் ஒரு பக்கம் என்று பிரிக்கும் காப்பகம் தீர்வே அல்ல. அவர்கள் கேட்பது வீடு. வருகிறேன் என்றால் 1913-க்குச் சொல்லுங்கள். காயமோ மயக்கமோ என்றால் 108. சிறுவர்கள் என்றால் 1098, முதியவர் என்றால் 14567, பெண் என்றால் 181. சென்னைக் காவல்துறையின் 'காவல் கரங்கள்' 2021 முதல் இந்த வேலையைச் செய்கிறது.

மனநலம் பாதித்து அலைகிறவர் என்றால் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது காவல் நிலையத்தின் கடமை. இதைத் தணிந்த குரலில் சொன்னாலே போதும், சட்டப் பிரிவைத் தூக்கி நீட்ட வேண்டியதில்லை. பெண்ணாக இருந்தால் 1993-லிருந்து இதே வேலையாக இருக்கும் தி பேன்யன் போன்ற அமைப்புகளையும் கேட்கலாம்.

நிறுத்துவதாக இருந்தால்

வேலை மாறும், கல்யாணம் ஆகும், ஊர் மாறும். ஒருநாள் போவதை நிறுத்தத்தான் வேண்டியிருக்கும், அதில் தப்பில்லை. நிறுத்துவதற்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். ஆதார் நோட்டு, விண்ணப்ப எண்கள், சலூன்காரரின் நம்பர், லிஃப்டில் ஒட்டும் பொறுப்பு எல்லாவற்றையும் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். கடைசி நாள் அவர்களிடம் நேரில் சொல்லிக்கொண்டு போங்கள்.

எங்களிடம் ஒரு கல்லூரிப் பையன் ஞாயிறு தவறாமல் வந்து பேப்பர் படித்துக் காட்டினான். பரீட்சை வந்தது, நின்றுவிட்டான். பார்வை மங்கிய ஐயா ஒருவர் அதற்குப் பிறகும் ஒன்பது ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்குத் தாழ்வாரத்தில் இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். பத்தாவது வாரம் ஒரு நாற்காலிதான் போட்டார். இப்போது புதிதாக வருகிறவர்களிடம் பெயர், போன் நம்பர் எழுதும்போதே இன்னொரு கட்டத்தையும் நிரப்பச் சொல்கிறோம்: எந்த மாதம் வரை வருவீர்கள்?